டேலியாப் பாத்தியில் 12 கிழங்கு நட்டால் 5 ஏன் முளைக்கவில்லை? ஒரு நிகழ்வு ஆய்வு

டேலியாவில் பழுது கண்ணில் படும் நாள் வேறு, அது தொடங்கிய நாள் வேறு. குழி வெறுமையாக இருப்பதை ஆறாவது வாரத்தில்தான் கவனிக்கிறோம். கிழங்கு அழுகத் தொடங்கியது நட்ட முதல் வாரத்தில். காற்றில் செடி சாய்வது பூக்கும் பருவத்தில்; சாயும்படி வளர்ந்தது எருவைக் கலந்த அன்று. அதனால் இந்த ஆய்வு ஒவ்வொரு பழுதையும் கண்ட இடத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தேடுகிறது. எடுத்துக்கொண்டிருக்கும் பாத்தி ஒரு குறிப்பிட்ட வீட்டினுடையது அல்ல. வீட்டுத் தோட்டங்களில் அடிக்கடி ஒன்றாகவே வரும் பழுதுகளை ஒரே பாத்தியில் வைத்துப் பார்க்கும் மாதிரி.

பாத்தியின் நிலை

நீளம் 3.6 மீட்டர், அகலம் 1.2 மீட்டர். களிமண் தூக்கலான நிலம், தரைமட்டப் பாத்தி. வெயில் நாளுக்கு 7 மணி நேரம் விழுகிறது. அதில் குறையில்லை, டேலியாவுக்கு 6 முதல் 8 மணி நேர வெயில் போதும். இரண்டு வரிசையாக, 60 செ.மீ. இடைவெளியில் 12 கிழங்குகள். நடுவதற்கு முன் முழுதாக மக்காத சாணம் மூன்று கூடை கலக்கப்பட்டது. நட்ட அன்றே தண்ணீர், அதன்பின் தினமும் ஒருமுறை தண்ணீர். முட்டுக்கொம்பு ஊன்றவில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடப்பட்டது. நுனி கிள்ளவில்லை.

ஆறாவது வாரம் எண்ணியபோது 7 செடிகள் வெளியே வந்திருந்தன. அவற்றில் நான்கு இடுப்பளவு வளர்ந்து, முதல் பலத்த காற்றில் படுத்துவிட்டன. ஒன்று குட்டையாகவே நின்று, இலை நரம்பையொட்டி மஞ்சள் பூத்தது. இரண்டு நன்றாக வந்தன, ஆனால் பூக்கும் நேரத்தில் அவற்றின் கீழ் இலைகள் வெளிறி உதிர்ந்தன.

முளைக்காத ஐந்து

முளைக்காத குழியை அப்படியே மூடிவிட்டுப் புதுக் கிழங்கு வைப்பதுதான் பலர் செய்யும் முதல் தவறு. தோண்டிப் பார்க்க வேண்டும். மண்வெட்டி வேண்டாம், கையால் பக்கவாட்டில் மண்ணைத் தள்ளினால் போதும். இந்த ஐந்து குழிகளில் மூன்று வெவ்வேறு காரணங்கள் இருந்தன.

இரண்டு கிழங்குகள் அழுகியிருந்தன. விரல் வைத்தால் உள்ளே போகிறது, புளித்த வாடை அடிக்கிறது. உறக்கத்தில் இருக்கும் கிழங்குக்கு நீரை உறிஞ்சும் மெல்லிய வேர் இன்னும் இல்லை, நீரை ஆவியாக்க இலையும் இல்லை. முளைவிடத் தேவையான ஈரமும் ஆற்றலும் கிழங்குக்குள்ளேயே இருக்கின்றன. ஆற்றலை மாவுச்சத்தாக அல்லாமல் இன்யூலின் என்ற சத்தாக அது சேர்த்து வைத்திருக்கிறது. நாம் ஊற்றும் தண்ணீர் கிழங்குக்குள் போவதில்லை, அதைச் சுற்றி நிற்கிறது. களிமண்ணில் நீர் நின்றால் காற்று வெளியேறும். காற்றில்லாத ஈரத்தில், பழைய கொத்திலிருந்து கிழங்கைப் பிரித்தபோது உண்டான வெட்டுக்காயம் வழியாக அழுகல் நுழைகிறது. மண் குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம்: 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கிழங்கு விழிக்கவே தயங்கும், அழுகல் அப்படித் தயங்காது.

திருத்தம் எளிது. நட்டபின் முளை மண்ணுக்கு மேலே தெரியும்வரை தண்ணீர் ஊற்றக் கூடாது. மண் பொடிப்பொடியாக உலர்ந்து கிடந்தால், நடுவதற்கு முந்தைய நாள் ஒருமுறை நனைத்து, பதம் வந்தபின் நடலாம். கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், தட்டினால் உதிர வேண்டும், அதுதான் பதம். மழை தொடர்ந்து வரும் என்று தெரிந்தால் நடவைத் தள்ளிப் போடுவதே மேல்.

நிலத்தின் வடிகாலையும் அளந்து பார்த்துவிடலாம். 30 செ.மீ. ஆழம், 30 செ.மீ. அகலத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பி வடியவிட வேண்டும். வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஓர் அளவுகோலால் பார்க்க வேண்டும். 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அந்த நிலத்தில் தரைமட்டப் பாத்தி டேலியாவுக்கு உதவாது. 20 முதல் 30 செ.மீ. உயரத்துக்கு மேட்டுப்பாத்தி போட வேண்டும். களிமண்ணில் கொஞ்சம் மணலைக் கலந்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கொஞ்சம் மணல் களிமண்ணை இன்னும் இறுகச் செய்யும். மண்ணைத் திறப்பது நன்கு மக்கிய உரம்தான்.

அடுத்த இரண்டு குழிகளில் கிழங்கு கல்போலத் திடமாக, நல்ல நிறத்தில், புது வேர்கூட விட்டு இருந்தது. முளை மட்டும் இல்லை. இவை கண்ணில்லாக் கிழங்குகள். உருளைக்கிழங்குக்கு உடல் முழுதும் கண் உண்டு, அது தண்டுக்கிழங்கு. சர்க்கரைவள்ளி வேர்க்கிழங்கு என்றாலும் தன் உடலிலிருந்தே முளைவிடும். டேலியா இரண்டு மாதிரியும் இல்லை. அதன் கிழங்கு மூன்று பகுதி: சத்து சேரும் உடல், ஒடுங்கிய கழுத்து, கழுத்து பழைய தண்டோடு சேரும் தூர்ப்பகுதி. கண் இருப்பது தூர்ப்பகுதியில் மட்டும். தூர் இல்லாமல் பிரித்த கிழங்கு எவ்வளவு பருமனாக இருந்தாலும் பருவம் முழுக்க மண்ணில் சும்மா கிடக்கும். கழுத்து உள்ளே முறிந்து தோலில் மட்டும் தொங்கும் கிழங்கும் அப்படித்தான். உடலில் இருக்கும் சத்து கண்ணுக்குப் போய்ச் சேர வழியில்லை. கிழங்கு வாங்கும்போது பலரும் பருமனைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது ஒரு கண்ணும் முறியாத கழுத்தும்தான். அவை இருந்தால் விரல் அளவுக் கிழங்கே முழுச் செடியைத் தரும்.

இதற்கு ஒரே காப்பு, நடுவதற்கு முன் கண்ணைத் திறக்கவிட்டுப் பார்ப்பது. ஆழமில்லாத தட்டில் தென்னை நார்க்கழிவைப் பரப்ப வேண்டும். அதைப் பிழிந்தால் சொட்டு விழக் கூடாது, கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். கிழங்கின் உடலை அதில் புதைத்து, தூர்ப்பகுதியை வெளியே விட்டு, 18 முதல் 21 டிகிரி இருக்கும் இடத்தில் வைத்தால் 2 முதல் 4 வாரத்தில் கண் குண்டூசித் தலையளவு புடைத்து வெளிர் பச்சையாகவோ சிவப்பாகவோ தெரியும். ஆறு வாரம் ஆகியும் தெரியவில்லை என்றால் ஒதுக்கிவிடலாம். இந்த ஒரு வேலை, பாத்தியில் வெறும் குழி விழுவதைப் பெருமளவு தடுக்கிறது. அழுகல் தொடங்கிய கிழங்கும் தட்டிலேயே பிடிபடும்.

ஐந்தாவது குழிதான் தோண்டினால் மட்டுமே புரியக்கூடியது. கிழங்கு நன்றாக இருந்தது, கண்ணும் விட்டிருந்தது, மண்மட்டத்தில் முளை கடிபட்டிருந்தது. நத்தை. இரவில் வந்து இளமுளையைச் சீவிவிட்டுப் போகும். காலையில் பார்ப்பவருக்கு முளைக்கவே இல்லை என்றுதான் தோன்றும். தோட்டத்துக்காரர் அதை முளைக்காத கிழங்கு என்று எண்ணி மேலும் தண்ணீர் ஊற்றுவார், நத்தைக்கு அது இன்னும் வசதி. இந்தக் கிழங்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, பக்கக் கண்ணிலிருந்து மறுபடி முளைக்கும். நடும் அன்றே இரும்பு பாஸ்பேட் குருணையைத் தூவிவிடலாம், அல்லது முளை 15 செ.மீ. வரும்வரை அடிப்பகுதி வெட்டிய பிளாஸ்டிக் புட்டியைக் கவிழ்த்து வைத்து, மூடியைத் திறந்து விடலாம். மூடாக்கு, அதாவது மண்ணின் மேல் வைக்கோலோ சருகோ, போடுவதையும் அதுவரை தள்ளிவைக்க வேண்டும்; நத்தை பகலில் ஒளிவது அதன் அடியில்தான்.

சாய்ந்த நான்கு

நான்கும் ஒரே மாதிரி: ஒற்றைத் தண்டு, நீண்ட கணுவிடை, பெரிய கரும்பச்சை இலை, மொட்டு குறைவு. டேலியாத் தண்டு குழல் போல உள்ளே வெற்றானது. வேகமாக வளர்ந்தால் சுவர் மெலிந்து இன்னும் எளிதாக ஒடியும். மூன்று கூடை மக்காத சாணத்தில் வந்த தழைச்சத்து செய்த வேலை இது. அதன் விளைவு இலையோடு நிற்பதில்லை. தழைச்சத்து மிகுந்த செடியின் கிழங்கு நீர்த்தன்மையோடு வளர்கிறது, சேமிப்பில் முதலில் அழுகுவதும் அதுதான்.

மறுநடவுக்கு இந்தப் பாத்தியில் நன்கு மக்கிய உரம் 3 முதல் 5 செ.மீ. கனத்துக்குப் பரப்பி, மேல் 20 செ.மீ. மண்ணோடு கலந்தால் அடியுரம் முடிந்தது. மண்ணின் கார அமிலத் தன்மை (pH) 6.5 முதல் 7 வரை இருப்பது நல்லது. மேலுரமாகத் தழைச்சத்து குறைந்து மணிச்சத்தும் சாம்பல் சத்தும் கூடிய கலவை, 5-10-10 (முறையே தழை, மணி, சாம்பல் சத்தின் சதவீதம்) போன்றது, நட்ட 30 நாளில் சதுர மீட்டருக்கு 50 கிராம். இந்தப் பாத்திக்கு ஏறத்தாழ 215 கிராம். தூரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தூவி, கிளறி, நீர் விட வேண்டும். மொட்டு கட்டும்போது இன்னொரு முறை. மண் பரிசோதனையில் மணிச்சத்து ஏற்கெனவே கூடுதல் என்று வந்தால் எலும்புத்தூள் போடுவதை விட்டுவிட வேண்டும். பழக்கத்தால் குழிக்கு ஒரு பிடி போட்டுக்கொண்டே வந்த தோட்டங்களில் அது தேவைக்கு மேல் சேர்ந்து கிடக்கும்.

முட்டுக்கொம்பு முதலில், கிழங்கு பிறகு. இந்த வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் இந்தப் பாத்தியிலேயே சான்று உண்டு: சாய்ந்த செடி ஒன்றுக்கு அவசரமாக ஊன்றிய கொம்பு கிழங்கைக் குத்தித் துளைத்திருந்தது. உயர ரகத்துக்கு 1.8 மீட்டர் கொம்பு, அதில் 45 செ.மீ. மண்ணுக்குள். கொம்பிலிருந்து 5 முதல் 8 செ.மீ. தள்ளி, 10 முதல் 15 செ.மீ. ஆழத்தில், கண் மேலே பார்க்க, கிழங்கைப் படுக்கைவாட்டில் வைக்க வேண்டும். செடி வளர வளர 30 செ.மீ.க்கு ஒரு கட்டு, மெல்லிய துணிக் கீற்றால், தண்டுக்கும் கொம்புக்கும் நடுவே எட்டு வடிவில் போட வேண்டும். கயிறு தண்டை அறுக்கும். செடிக்குச் செடி கட்ட நேரமில்லாதவர்கள் பாத்தியின் நான்கு மூலையிலும் நடுவிலும் கம்பம் நட்டு, 40, 70, 100 செ.மீ. உயரத்தில் சுற்றிலும் குறுக்கிலும் சணல் கட்டிவிடலாம். 12 செடிக்கு இது எளிது.

நுனி கிள்ளுவதில்தான் மனம் ஒப்பாது. நன்றாக வரும் ஒரே தண்டை யாருக்கும் வெட்டத் தோன்றாது. ஆனால் நான்கு ஜோடி இலை வந்து செடி 30 செ.மீ. தாண்டியதும், மூன்றாம் அல்லது நான்காம் ஜோடிக்கு மேலே நுனியை எடுத்துவிட்டால், கீழே இருக்கும் ஒவ்வோர் இலைக்கக்கத்திலிருந்தும் ஒரு கிளை வரும். ஒரு தண்டு ஆறு தண்டாகிறது, எடை பரவுகிறது. முதல் பூ ஒன்றிரண்டு வாரம் தள்ளிப்போகும். அதற்குப் பிறகு வரும் பூக்களின் எண்ணிக்கையில் அந்த இழப்பு தெரியவே தெரியாது.

மஞ்சள் நரம்பு ஓடிய ஒன்று

இந்தச் செடிக்கு இரும்புச்சத்துக் குறை என்று நுண்ணூட்டம் தெளிக்கத் தோன்றும். இலையை உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும். இரும்புக் குறையில் புது இலை வெளிறும், நரம்பு பச்சையாகவே நிற்கும். மெக்னீசியக் குறையிலும் நரம்பு பச்சை, ஆனால் வெளிறுவது கீழ்ப்பக்கத்துப் பழைய இலை. இந்தச் செடியில் நரம்பையொட்டியே மஞ்சள் பட்டை ஓடியிருந்தது, இலையின் ஒரு பாதி மறுபாதிக்குப் பொருந்தாமல் சுருண்டிருந்தது, கணுவிடை குறுகி உயரம் மற்றவற்றில் பாதிதான். இது தேமல் நச்சுயிரியின் அடையாளம். இலையில் வளையமோ நெளிநெளிக் கோடோ இருந்தால் இலைப்பேன் பரப்பும் தக்காளிப் புள்ளிவாடல் நச்சுயிரியையும் ஐயப்பட வேண்டும்.

இரண்டுக்கும் மருந்து இல்லை. செடியைக் கிழங்கோடு, உடைந்த துண்டு மிஞ்சாமல் தோண்டி எடுத்து, மக்கு உரக் குழியில் போடாமல், வீட்டுக் குப்பையில் கட்டிப் போட வேண்டும். நல்ல விலை கொடுத்த ரகம், ஓரளவு பூக்கிறது என்று வைத்துக்கொள்வதை நாங்கள் ஒப்புவதில்லை. அந்தக் கிழங்கிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் நோயோடுதான் வரும், அசுவினி அதைப் பக்கத்துச் செடிக்குக் கொண்டுபோகும். வெட்டும் கத்தியை ஒவ்வொரு செடிக்கும் இடையில், வீட்டில் பயன்படும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்ததில் நனைத்துத் துடைக்க வேண்டும். தேமல் நச்சுயிரி மண்ணில் தங்காது என்பதால் அதே குழியில் வேறு டேலியா வைக்கலாம்.

மண்ணில் தங்கும் நோய்கள் வேறு. தூர்ப்பகுதியில் சொரசொரத்த கட்டி இருந்தால் அது முடிச்சுக் கட்டி. பூக்கோசு போலத் தடித்த குட்டி முளைகள் கொத்தாக அடைந்திருந்தால் இலைக் கட்டி. இரண்டும் நுண்ணுயிரிகளால் வருபவை. இந்தப் பாத்தியில் அவை இல்லை. ஆனால் மாற்றுக் கிழங்கு வரும்போது இவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; ஒருமுறை நுழைந்தால் அந்த இடத்தில் சில ஆண்டுகள் டேலியா வைக்க முடியாது.

நன்றாக வந்த இரண்டில் இலை உதிர்ந்தது

கீழ் இலையின் மேற்புறத்தில் ஊசி குத்தியது போல் வெளிர் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டினால் ஓடும் தூசி விழுகிறது. செஞ்சிலந்தி. வெப்பமும் வறட்சியும் கூடியபோது பெருகியது. இங்கே வழக்கமாக நடக்கும் பிழை, அசுவினிக்கு வைத்திருந்த இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்தை எடுத்துத் தெளிப்பது. செஞ்சிலந்தி பூச்சி இனம் அல்ல, அந்த மருந்து அதைக் கொல்லாது. அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்று பெருக்கத்துக்கு வழி விடும். மோசமான கீழ் இலைகளைக் கிள்ளி அகற்றி, இலையின் அடிப்புறத்தில் வேகமான நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, இரண்டு வாரம் பீய்ச்சுவதே முதல் சிகிச்சை. காலையில் செய்தால் இலை உலர்ந்துவிடும். அது போதாவிட்டால் லிட்டருக்கு வேப்பெண்ணெய் 5 மி.லி., கரைய 1 மி.லி. சோப்புத் திரவம், மாலையில், இலையடியில். வெயில் கடுமையான நாளிலும் விரிந்த பூவின் மேலும் தெளிக்க வேண்டாம்.

இலையில் வெள்ளைப் பொடி படியும் சாம்பல் நோய் பின்னால் வந்தது. செடிகள் நெருங்கி, காற்று நுழையாமல், இரவில் ஈரம் தங்கியதால் வந்தது. அடியிலிருந்து 30 செ.மீ. வரை இலையை எடுத்துவிட்டால் பாதி சரியாகிவிடும். நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் தெளிக்கலாம். ஆனால் 32 டிகிரிக்கு மேல் போகும் நாளிலும், எண்ணெய் தெளித்து இரண்டு வாரத்துக்குள்ளும் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். சிலந்திக்கு எண்ணெய், அடுத்த வாரமே சாம்பலுக்குக் கந்தகம் என்று தெளித்துச் செடியை இழப்பவர்கள் உண்டு.

வளர்ந்த செடிக்குத் தண்ணீர், வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 செ.மீ. ஆழம் நனையும்படி, தூரில். தினமும் மேலாகத் தெளித்தால் வேர் மேலேயே நின்றுவிடும், வறட்சி நாளில் முதலில் வாடுவதும் அதுதான். டேலியா மெக்சிகோ, மத்திய அமெரிக்க மலைநிலத்துச் செடி. குளிர்ந்த இரவு அதற்குப் பிடிக்கும், 32 டிகிரிக்கு மேலே பூ சிறுத்து மொட்டு தயங்கும். வெப்ப நிலப்பகுதிகளில் குளிர் பருவத்தை ஒட்டி நடவை அமைத்து, மதியத்துக்குப் பிறகு நிழல் விழும் இடம் தேடுவது உரம் கூட்டுவதைவிடப் பயன் தரும்.

பூவைப் பற்றிக் கொஞ்சம்

பெரிய பூ வேண்டுமானால் ஒவ்வொரு தண்டின் நுனியிலும் வரும் மூன்று மொட்டில் பக்கத்து இரண்டையும் பட்டாணி அளவில் கிள்ள வேண்டும். வாடிய பூவை உடனுக்குடன் எடுக்க வேண்டும், விதை கட்டினால் செடி பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். மொட்டும் வாடிய பூவும் ஒன்றுபோலத் தெரிவதால் பலர் மொட்டை வெட்டிவிடுகிறார்கள்: மொட்டு உருண்டை, வாடிய பூ கூம்பு, தொட்டால் மொட்டு இறுக்கம், வாடியது மெத்து. குவளைக்கு வெட்டுவதாக இருந்தால் முக்கால் பங்காவது விரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிய பின் டேலியா மொட்டு பெரும்பாலும் மலராது.

கிழங்கை எடுத்து வைத்தல்

பருவ முடிவில் உறைபனி இலையைக் கருக்கும் இடமானால் அதற்கு ஒன்றிரண்டு வாரம் கழித்துத் தோண்டலாம். பனி இல்லாத இடத்தில் தண்ணீரைப் படிப்படியாகக் குறைத்து, இலை மஞ்சளாகி உலரவிட வேண்டும். தண்டை 10 முதல் 15 செ.மீ. விட்டு வெட்டியதும் அது திறந்த குழல். மழை பெய்தால் நீர் நேரே தூர்ப்பகுதிக்கு இறங்கி அழுகலைத் தொடங்கிவைக்கும். அதனால் வெட்டிய கிழங்கை மழையில் விடக் கூடாது. 30 செ.மீ. தள்ளி வட்டமாக மண்வெட்டி இறக்கி, கொத்தை அடியிலிருந்து தூக்க வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் கழுத்துகள் முறியும், அடுத்த ஆண்டின் கண்ணில்லாக் கிழங்குகள் அங்கேயே உருவாகிவிடும்.

நிழலில் ஒரு நாள் உலர்த்தி, உலர்ந்த நார்க்கழிவிலோ வெர்மிகுலைட்டிலோ ஒன்றையொன்று தொடாமல் அடுக்கி, 4 முதல் 10 டிகிரி இருக்கும் இருட்டில் வைக்கலாம். மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். சுருங்கியிருந்தால் நார்க்கழிவில் கொஞ்சம் நீர் தெளிக்கலாம். மெத்தென்ற இடம் இருந்தால் வெள்ளைச் சதை வரும்வரை வெட்டி, காயம் உலர்ந்தபின் தனியாக வைக்க வேண்டும். அவ்வளவு குளிர்ந்த இடம் இல்லாதவர்கள் தொட்டியில் வளர்த்து, தண்ணீரை நிறுத்தி, மழை படாத நிழலில் தொட்டியோடு உறங்கவிடுவது நடைமுறைக்கு ஏற்றது. அதற்கு 30 செ.மீ. தொட்டியும் குட்டை ரகமும் வேண்டும்.

கொத்தைப் பிரிக்கும் வேலையைக் கண் தெரியும்வரை தள்ளிப்போடலாம். உறக்கத்தில் கண்ணைத் தேடுவது பழகியவர்களுக்கே கடினம். பிரிக்கும்போது ஒவ்வொரு துண்டிலும் தூர்ப்பகுதியில் ஒரு சீவல் இருக்க வேண்டும். ரகத்தின் பெயரைக் கிழங்கின் தோலிலேயே அழியாத பென்சிலால் எழுதிவிடுங்கள். காகிதச் சீட்டு நார்க்கழிவின் ஈரத்தில் கரைந்துவிடும், ஒரு ரகத்தின் கிழங்குக்கும் இன்னொன்றின் கிழங்குக்கும் வேறுபாடு சொல்ல, பூ வரும்வரை யாராலும் முடியாது.